அரங்கமும் திடலும்: ஷா ஆலாம் விளையாட்டரங்கத்தின் இடிப்பும் கெடாத் தோட்டப்புறத் திடல்களின் மறைவும்

முன்னுரை

மலேசிய இந்தியர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோயில், பள்ளி, தொழிற்சங்கம், நாளிதழ் ஆகிய நான்கு நிறுவனங்களைச் சுற்றியே தம் ஆய்வை அமைத்துள்ளனர். இந்நான்கும் ஆவணங்களை விட்டுச் சென்றன என்பது இதற்குரிய முதற் காரணமாகும். கோயிலுக்குக் கல்வெட்டும் கணக்கேடும் உண்டு. பள்ளிக்கு வருகைப் பதிவேடு உண்டு. சங்கத்திற்குக் கூட்டக் குறிப்பு உண்டு. நாளிதழ் தானே ஓர் ஆவணமாகும். ஆனால் தோட்டப்புற வாழ்வில் மாலைதோறும் மக்கள் கூடிய ஐந்தாவது இடமொன்று இருந்தது. அதுவே திடல். அதற்கு ஏடும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அதனால் வரலாற்றிலும் அதற்கு இடமில்லாது போயிற்று.

2024ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்தின் ஷா ஆலாம் விளையாட்டரங்கம் இடிக்கப்படத் தொடங்கியபோது நாடெங்கும் எழுந்த ஏக்கக் குரல் நம்மை இப்பொருள் குறித்துச் சிந்திக்கத் தூண்டியது. முப்பதாண்டு நின்ற ஒரு கட்டடத்தின் மறைவு செய்தியாகவும் படமாகவும் விவாதமாகவும் பதிவாயிற்று. அதைக் காட்டிலும் இருமடங்கு, மும்மடங்கு காலம் நின்ற தோட்டத் திடல்கள் கெடா மாநிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தபோது அத்தகைய பதிவு நிகழவில்லை. இவ்விரு மறைவுகளையும் ஒருங்கே வைத்து நோக்கி, திடலின் வரலாற்றுப் பங்கையும் அதன் மறைவுக்கான காரணங்களையும் அதை மீட்டெழுதும் வழிகளையும் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

ஷா ஆலாம் அரங்கம்: எழுச்சியும் இடிப்பும்

ஷா ஆலாம் விளையாட்டரங்கம் 1994ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் திறப்பு விழாக் கண்டது. ஏறத்தாழ 80,000 பேர் அமரத்தக்கதாய், வானில் வளைந்தெழுந்த பெருங்கூரைகளோடு அது அமைந்தது. 1998ஆம் ஆண்டுப் பொதுநலவாய விளையாட்டுகளை ஒட்டிப் புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கம் எழும்வரை நாட்டின் மிகப்பெரிய அரங்கமாக அதுவே விளங்கியது. திறக்கப்பட்ட ஆண்டின் டிசம்பர் மாதத்திலேயே மலேசியக் கிண்ண இறுதியாட்டம் அங்கு நடைபெற்றது. அதில் சிங்கப்பூர் அணி பகாங்கை 4–0 எனும் கோல் கணக்கில் வென்றது. அதன்பின் சிங்கப்பூர் அப்போட்டியிலிருந்து விலகிக்கொண்டதால் அந்த ஆட்டம் ஒரு காலகட்டத்தின் முடிவாகவும் அமைந்தது. 1997ஆம் ஆண்டில் மலேசியா ஏற்று நடத்திய உலக இளையோர் காற்பந்துப் போட்டியின் இறுதியாட்டமும் இவ்வரங்கத்திலேயே நடந்தது. அர்ஜெண்டினா உருகுவேயை 2–1 என வென்றது. அதே போட்டியின் சில ஆட்டங்கள் கெடாவின் தலைநகராகிய அலோர் ஸ்டாரிலுள்ள டாருல் அமான் விளையாட்டரங்கத்தில் நடைபெற்றன என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

கெடா மக்களுக்கும் ஷா ஆலாம் அரங்கத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மலேசியக் கிண்ணத்தைக் கெடா 1990, 1993, 2007, 2008, 2016 ஆகிய ஆண்டுகளில் வென்றுள்ளது. இவற்றுள் இறுதியாகக் கூறிய வெற்றி ஷா ஆலாமில் கிட்டியதாகும். 2016ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிலாங்கூரோடு 1–1 எனச் சமநிலை கண்டு, பினால்டி உதைகளில் 6–5 எனக் கெடா வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு இதே அரங்கில் இதே சிலாங்கூரிடம் 2–0 எனத் தோற்றிருந்த கெடாவுக்கு அது பழிதீர்த்த நாளாயிற்று. 2017ஆம் ஆண்டில் எப்.ஏ. கிண்ணத்தை பகாங்கிடமிருந்து 3–2 என வென்றதும், அவ்வாண்டின் மலேசியக் கிண்ண இறுதியில் ஜொகூரிடம் தோற்றதும் இங்கேயே. அலோர் ஸ்டாரிலிருந்து நானூறு கிலோ மீட்டருக்கும் மேலான தொலைவைப் பேருந்திலும் மகிழுந்திலும் கடந்து வந்து பச்சையும் மஞ்சளும் அணிந்து நின்ற கூட்டத்தில் மலாய்க்காரரும் சீனரும் சயாமியரும் தமிழரும் இருந்தனர்.

பராமரிப்புக் குறைபாடும் கூரையின் பழுதும் மிகுந்ததால் 2020ஆம் ஆண்டளவில் அரங்கம் பயன்பாட்டிலிருந்து விலகியது. 2022ஆம் ஆண்டில் அதை மறுமேம்பாடு செய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டில் இடிப்புப் பணி தொடங்கியது. பழையதிற் பாதியளவே இருக்கை கொண்ட புதிய விளையாட்டு வளாகம் அவ்விடத்தில் எழும் என்பதே திட்டம். கட்டடத்தைச் செப்பனிட்டுக் காத்திருக்கலாம் என்போரும், பாதுகாப்பற்ற கட்டடத்தைக் கட்டிக்காப்பது வீண்செலவு என்போரும் இருதரப்பாய் நின்று வாதிட்டனர். இவ்வாதம் எழுந்ததே நாம் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தியாகும். பொதுப்பணத்தில் எழுந்த பொதுக் கட்டடம் ஆதலின், அதன் முடிவைக் குறித்துப் பேசப் பொதுமக்களுக்கு உரிமை இருந்தது.

இதற்கு மாறான ஒரு சான்றும் நம்மிடையே உண்டு. கோலாலம்பூரில் 1957ஆம் ஆண்டு விடுதலை அறிவிப்புக்கெனக் கட்டப்பட்ட மெர்டேக்கா விளையாட்டரங்கம், மறுமேம்பாட்டு அச்சத்தைக் கடந்து, மரபுடைமையாகக் காக்கப்பெற்றது. அதன் புதுப்பிப்புப் பணி 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருதையும் பெற்றது. ஆகவே ஓர் அரங்கம் காக்கப்படுவதும் இடிக்கப்படுவதும் அதன் அகவையை மட்டும் பொறுத்தன்று. அதனோடு பிணைந்த நினைவை அரசும் மக்களும் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதையும் பொறுத்தது.

அரங்கம் நின்ற நிலம்

ஷா ஆலாம் நகரமே தோட்ட நிலத்தின்மேல் எழுந்த நகரமாகும். சுங்கை ரெங்கம், பத்து தீகா என்று முன்னர் அறியப்பட்ட அவ்வட்டாரம் இரப்பர், செம்பனைத் தோட்டங்களால் நிரம்பியிருந்தது. 1974ஆம் ஆண்டில் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமான பின்னர், சிலாங்கூருக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. 1978ஆம் ஆண்டில் ஷா ஆலாம் அத்தகுதியைப் பெற்றது. 2000ஆம் ஆண்டில் மாநகராயிற்று. தோட்டங்கள் மறைந்தன, ஆயினும் அவற்றின் பெயர்கள் முற்றிலும் மறையவில்லை. ஏபோர் தோட்டத் தமிழ்ப்பள்ளி, மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி எனும் பெயர்கள் மாநகரின் நடுவே இன்றும் பழைய நிலப்படத்தை நினைவூட்டி நிற்கின்றன.

எனவே ஷா ஆலாம் அரங்கத்தின் வரலாற்றை 1994ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது பாதி வரலாறே. பால்மரக் காட்டிற்கும் லயங்களுக்கும் பின்னர் வந்த நகரம், தன் பெருமைக்குச் சின்னமாக ஓர் அரங்கத்தை எழுப்பியது. நகரத்தின் சின்னம் இடிந்தபோது அதைக் குறித்து எழுதியோர், அந்நிலத்தில் அதற்கு முன்பிருந்த வாழ்வைக் குறித்து எழுதவில்லை. இவ்வுண்மையைக் கைக்கொண்டு நாம் வடக்கே கெடாவுக்குச் செல்வோம்.

கெடாத் தோட்டங்களும் திடலின் தோற்றமும்

1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து ஆங்கிலேயர் பாதுகாப்புக்குள் வந்தது. அதே காலத்தில் இரப்பர் விலை உலகச் சந்தையில் ஏறியது. வடக்கே மூடா ஆற்றுக்கு அப்பாலுள்ள சமவெளி நெல் விளையும் நிலமாகவே தொடர, நடுவிலும் தெற்கிலும் அமைந்த கோல மூடா, கூலிம், பண்டார் பாரு, பாலிங் ஆகிய மாவட்டங்களில் தோட்டங்கள் பெருகின. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் போன்ற ஊர்கள் அத்தோட்டங்களின் சந்தை ஊர்களாயின. தமிழகத்திலிருந்து கங்காணி முறையில் வந்தோர் இத்தோட்டங்களில் குடியேறினர்.

தோட்டத்தின் அமைப்பு ஏறக்குறைய எங்கும் ஒருபடித்தாகவே இருந்தது. மேட்டில் துரை பங்களா, அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள், அதற்கப்பால் அலுவலகமும் ஆலையும், பின்னர் லயங்கள். லயங்களை ஒட்டி மாரியம்மன் கோயில், பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை. இவற்றிற்கிடையே ஒரு சமநிலம் விடப்பட்டது. விடியற்காலையில் பெரட்டு நடந்த களமும் மாலையில் பந்து உருண்ட திடலும் சில தோட்டங்களில் ஒன்றாகவும் சிலவற்றில் வேறாகவும் இருந்தன.

திடல் யாருடைய தேவைக்காகத் தோன்றியது எனும் வினா எளிதானதன்று. நிர்வாகத்தின் நோக்கில் அது தொழிலாளரைத் தோட்டத்துக்குள்ளேயே நிறுத்திவைக்கும் கருவிகளுள் ஒன்று. கள்ளுக்கடையும் திடலும் ஒரே நிர்வாகத்தின் இரு கைகள் என்று கூறினும் பிழையாகாது. வெள்ளைக்காரத் துரைமார் பந்தையும் கிண்ணத்தையும் வழங்கியதில் அன்பும் இருந்திருக்கலாம், கணக்கும் இருந்தது. ஆயினும் கொடுத்தவர் நோக்கமும் பெற்றவர் பயன்பாடும் ஒன்றாதல் வேண்டியதில்லை. திடலின் வரலாறு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாட்டில்தான் அடங்கியுள்ளது.

1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதைத் தடை செய்தது. அதன்பின் தோட்ட மக்கள்தொகை, புதிதாய் வந்தோரைக் காட்டிலும் இங்கேயே பிறந்தோரால் வளர்ந்தது. போருக்குப் பிந்தைய திடல் இந்தத் தலைமுறையின் திடலாகும். ஊரை விட்டு வந்தோர் ஊரைப் பற்றிப் பாடினர். இங்கே பிறந்தோர் இங்கே ஆடினர். தோட்டத்தின் பெயரைத் தம் அணியின் பெயராக்கிக்கொண்ட நாளில், அவர்கள் தங்களுக்கென ஓர் ஊரைப் பெற்றனர் என்றே நாம் கருதுகிறோம்.

திடலின் சமூகப் பணி

தோட்டம் ஒரு மூடிய உலகம். 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோதல், துரைமார் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்கும் கட்டாயத்தை நீக்குதல் ஆகியனவும் இடம்பெற்றிருந்தன. ஒருவர் உறவினரைக் காண்பதற்கே இசைவு வேண்டியிருந்த அவ்வுலகில், பதினொருவர் அணியும் அதைச் சூழ்ந்த கூட்டமும் லாரியேறி அடுத்த தோட்டத்திற்குச் செல்வது சிறிய செய்தியன்று. காற்பந்து, இசைவோடு கூடிய பயணத்தை உண்டாக்கியது. அப்பயணத்தில் பெண் பார்த்தலும் சம்பள ஒப்பீடும் அடுத்த தோட்டத்து நிர்வாகத்தின் போக்கை அறிதலும் உடன் நிகழ வாய்ப்பிருந்தது.

தீபாவளி, பொங்கல் விடுமுறைகளில் தோட்டங்களுக்கிடையிலான சுழற்கிண்ணப் போட்டிகள் நடைபெறுதல் பரவலான வழக்கமாயிற்று. கோ. சாரங்கபாணி 1952ஆம் ஆண்டில் முன்னெடுத்த தமிழர் திருநாள் விழாக்களும், பின்னர் வந்த மணிமன்றங்களும் பேச்சு, கட்டுரை, நாடகத்தோடு விளையாட்டையும் இளைஞர் இயக்கத்தின் பகுதியாக்கின. திடலில் திரை கட்டிப் படம் காட்டினர். திருவிழாவில் தீமிதிக்குக் கூடியவர்க்கு நிற்க இடம் தந்ததும் அதுவே. தேர்தல் வந்தபோது மேடையும் அங்கேயே அமைந்தது.

எனினும் திடலை ஒரு சமத்துவப் பூங்காவாக வரைந்து காட்டுதல் வரலாறாகாது. ஆடுகளம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. காலையில் பால்வெட்டி, மாலையில் அடுப்பேற்றிய பெண்ணுக்குத் திடலின் ஓரமே கிடைத்தது; பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. கிராணி மகனும் வெட்டுக்காரர் மகனும் ஒரே அணியில் ஆடினும், ஆட்டம் முடிந்தபின் அவர்கள் திரும்பிய வீடுகள் வேறுவேறு. இவ்வேறுபாடுகளையும் சேர்த்து எழுதும்போதே திடலின் வரலாறு முழுமை பெறும்.

பீடோங், 1947

திடல் விளையாட்டுக்கு மட்டும் பயன்படவில்லை என்பதற்குக் கெடாவே சிறந்த சான்று தருகிறது. போருக்குப் பின்னர் பீடோங் அருகிலுள்ள ஹார்வார்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி என்பார் தொண்டர் படை எனும் இயக்கத்தைத் தொடங்கினார். கள்ளொழிப்பு, ஒழுக்கம், ஒற்றுமை ஆகியவற்றை முதன்மையாகக் கொண்ட இவ்வியக்கம் நடுக் கெடாவிலும் தென் கெடாவிலும் விரைந்து பரவியது. இளைஞர் அணிவகுப்புப் பயிற்சி பெற்றனர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். இந்திய தேசிய இராணுவம் போர்க்காலத்தில் ஊட்டிய தன்மதிப்பு இப்பயிற்சியில் தொடர்ந்தது என்பர் ஆய்வாளர்.

1947ஆம் ஆண்டில் பீடோங்கிலும் கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்திலும் தொழிலாளர்க்கும் காவல்துறைக்கும் மோதல் எழுந்தது. உயிரிழப்பு நேர்ந்தது, பலர் கைதாகிச் சிறைத் தண்டனை பெற்றனர். இந்நிகழ்ச்சி மலாயாத் தொழிற்சங்க வரலாற்றில் முதன்மையான இடம் பெற்றுள்ளது. ஆயின் இதை எழுதியோர் கள்ளுக்கடையையும் நீதிமன்றத்தையும் காட்டிய அளவுக்கு, இளைஞர் அணிவகுக்கக் கற்ற நிலத்தைக் காட்டவில்லை. அணிவகுப்புக்குச் சமநிலம் வேண்டும். மாலைப் பொழுது வேண்டும். ஒருவர் சொற்கேட்டுப் பலர் இயங்கும் பழக்கம் வேண்டும். தோட்டத்தில் இம்மூன்றையும் ஒருங்கே தரவல்ல இடம் திடலன்றிப் பிறிதில்லை. இதனை நாம் ஓர் ஊகமாகவே முன்வைக்கிறோம். எனினும் நிலத்தின் அமைப்பு இவ்வூகத்துக்குத் துணைநிற்கிறது.

1948ஆம் ஆண்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் தோட்டங்களில் வேலியும் ஊரடங்கும் வந்தன. கூட்டம் கூடுதல் ஐயத்துக்குரியதாயிற்று. அக்காலத்தில் அதிகாரிகள் கண்ணில் குற்றமற்றதாய்த் தோன்றிய கூட்டங்களுள் பந்தாட்டக் கூட்டம் ஒன்று. அரசியல் பேச இயலாத ஆண்டுகளில் திடல் தன் முதற்பணிக்குத் திரும்பியது.

திடலிலிருந்து தேசியத்துக்கு

கெடாவுக்கும் மலேசியக் காற்பந்துக்கும் உள்ள உறவில் மற்றொரு பெயரையும் குறிப்பிட வேண்டும். அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான், கூலிம் உள்ளிட்ட கெடா மாவட்டங்களில் மாவட்ட அதிகாரியாகப் பணியாற்றியவர். 1951ஆம் ஆண்டில் மலாயாக் காற்பந்துச் சங்கத் தலைவரான அவர், 1957ஆம் ஆண்டில் மெர்டேக்காப் போட்டியைத் தொடங்கினார். 1958 முதல் 1977 வரை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகவும் விளங்கினார். புதிய நாட்டை ஒன்றிணைக்கக் காற்பந்து உதவும் என்னும் அவரது நம்பிக்கை, ஒரு தலைமுறைக் காலம் பொய்க்கவில்லை.

1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் மு. சந்திரன் இருந்தார். 1980ஆம் ஆண்டில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக் தகுதியைப் பெற்ற தலைமுறையின் கோல்காவலர் இரா. ஆறுமுகம். அரசியல் புறக்கணிப்பால் அந்த அணி மாஸ்கோ செல்லவில்லை. ஆறுமுகம் 1988ஆம் ஆண்டில் சாலை விபத்தில் மறைந்தார். 2010ஆம் ஆண்டில் மலேசியா தென்கிழக்காசியக் கிண்ணத்தை முதன்முறையாக வென்றபோது பயிற்றுநர் கு. ராஜகோபால். இப்பெயர்களைத் தமிழ் மக்கள் தம் வீட்டுப் பெயர்களாகவே கொண்டனர். அதற்குக் காரணம் இனப்பற்று மட்டுமன்று. தாமும் தம் திடலில் அதே பந்தை உதைத்தவர் ஆதலால், அரங்கில் ஆடியவரைத் தம்மில் ஒருவராகக் காண அவர்களுக்கு இயன்றது. அரங்கத்தின் பார்வையாளரைத் திடலே உருவாக்கியது.

துண்டாடலும் மறைவும்

திடலின் மறைவு மூன்று கட்டங்களில் நிகழ்ந்தது. முதலாவது கட்டம் 1950களின் தோட்டத் துண்டாடல். விடுதலையை ஒட்டி வெளிநாட்டு நிறுவனங்கள் தம் தோட்டங்களை விற்றபோது, வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்து மறுவிற்பனை செய்தனர். பேராசிரியர் உங்கு அஜிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் மேற்கொண்ட ஆய்வு 1962ஆம் ஆண்டில் இதன் விளைவுகளைத் தொகுத்துரைத்தது. வேலையிழப்போடு குடியிருப்பு, மருந்தகம், பள்ளி ஆகிய ஏந்துகளும் சிதைந்தன. இதை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தனார் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் என்பது நம் ஆய்வுக்கு ஏற்ற செய்தியாகும். தொழிலாளர் தாமே தோட்டத்தின் பங்குதாரராகும் இம்முயற்சி, நிலத்தோடு சேர்த்து அந்நிலத்தின்மீது அமைந்த வாழ்வையும் காக்கும் முயற்சியே.

இரண்டாவது கட்டம் 1969ஆம் ஆண்டையொட்டி வந்த வேலை உரிமக் கட்டுப்பாடு. குடியுரிமை பெறாதோர் பலர் தமிழகம் திரும்பினர். பல தோட்டங்களில் ஓர் அணியின் பாதிப்பேர் கப்பலேறினர் என்று கூறத்தக்க அளவுக்குக் குடும்பங்கள் பிரிந்தன.

மூன்றாவது கட்டமே பெரியது. 1980கள் தொட்டு இரப்பர் செம்பனையானது; செம்பனைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர்; நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் சென்றன. சுங்கைப் பட்டாணி கெடாவின் பெருநகராய் வளர்ந்தது தன்னைச் சூழ்ந்த தோட்டங்களின்மீதுதான். தோட்டங்கள் நிறைந்த கூலிம் மாவட்டத்தில் 1996ஆம் ஆண்டில் உயர்தொழில்நுட்பப் பூங்கா தொடங்கப்பெற்றது. நாடு முழுவதும் இவ்வாறு இடம்பெயர்ந்த இந்தியர் ஏறக்குறைய மூன்று இலட்சம் எனும் மதிப்பீட்டை ஆய்வாளர் பலர் எடுத்தாளுகின்றனர். இடம்பெயர்ந்தோர் பள்ளியைத் தம்மோடு எடுத்துச் செல்லப் போராடினர். கோயிலைக் காக்கப் போராடினர். ஹார்வார்ட், டப்ளின், ஸ்கார்புரோ, பத்தானி பாரா என்னும் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் எஞ்சியிருப்பது அப்போராட்டத்தின் பயன். திடலுக்காக அத்தகைய போராட்டம் நிகழவில்லை. திடலை எடுத்துச் செல்ல இயலாது என்பது மட்டும் அதற்குக் காரணமன்று.

சட்டத்தில் இல்லாத நிலம்

நகரத் திடலுக்கும் தோட்டத் திடலுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. நகரத்தில் திடல் பொதுநிலம். 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தொகுப்பின் 62ஆம் பிரிவு, பொதுப் பயன்பாட்டுக்கென அரசு நிலத்தை ஒதுக்கி அரசிதழில் அறிவிக்க வழிசெய்கிறது. அவ்வாறு அறிவிக்கப்பட்ட நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற முறையான நடவடிக்கை தேவை. அதனால் ஒரு தடயம் எஞ்சும். தோட்டத் திடலோ தனியார் நிலப்பட்டாவுக்குள் அடங்கியது. அறுபதாண்டுக் காலம் ஆயிரம் பேர் கூடிய இடமாயினும், நிலப்பதிவேட்டின் கண்ணுக்கு அது மரமில்லாத தோட்ட நிலமே. தோட்டம் கைமாறும்போது திடலும் சொல்லப்படாமலே கைமாறியது. ஷா ஆலாம் அரங்கத்தை இடிக்க அறிவிப்பும் ஒப்பந்தமும் வேண்டியிருந்தன. தோட்டத் திடலை அழிக்க ஒரு வரிசைச் செம்பனைக் கன்றுகள் போதும்.

இதனால் விளைந்த இழப்பு விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்தை விட்டு நகர அடுக்குமாடிக்குப் பெயர்ந்த குடும்பத்தின் இளைஞனுக்குத் திடல் வாடகைக்குரிய பொருளாயிற்று. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் 2018ஆம் ஆண்டில் தேசிய லீக்கின் இரண்டாம் பிரிவில் ஆடத் தொடங்கிய அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டி எனும் பெயரில் 2019ஆம் ஆண்டில் முதற்பிரிவுக்கு உயர்ந்து, 2022ஆம் ஆண்டின் முடிவில் விலகிக்கொண்டது. அணியைத் தோற்றுவிக்கப் பணம் உதவும். ஆட்டக்காரரைத் தோற்றுவிக்க மாலைதோறும் கைக்கெட்டும் நிலம் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சியோடு சேர்த்து எண்ணிப்பார்த்தல் தகும்.

கடாரமும் தோட்டமும்

கெடாவைத் தமிழாய்வுலகம் கடாரம் என்றே போற்றுகிறது. இராஜேந்திர சோழனின் படையெடுப்பையும் புஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளையும் நாம் மாணவர்க்கு ஆர்வத்தோடு கற்பிக்கிறோம். அப்பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி 2013ஆம் ஆண்டில் நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது தெரியவந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அவ்விடம் மரபுடைமையாக அரசிதழில் அறிவிக்கப்படாத தனியார் நிலம் என்பதே அன்று கூறப்பட்ட விளக்கம். 2005ஆம் ஆண்டிலேயே தேசிய மரபுடைமைச் சட்டம் இருந்தும், அறிவிக்கப்படாத சின்னத்திற்கு அது அரணாகவில்லை.

ஆயிரம் ஆண்டுத் தொன்மை வாய்ந்த செங்கற் கட்டடத்துக்கே இந்நிலை எனில், கல்லும் செங்கலும் இல்லாத புல்வெளியின் நிலையைக் கூற வேண்டுவதில்லை. கடாரத்தை மதிக்கும் நாம் கெடாவையும் மதித்தல் வேண்டும். சோழர் வந்துசென்ற கெடாவைக் காட்டிலும், நம் பாட்டன்மார் வாழ்ந்து மடிந்த கெடாவுக்குச் சான்றுகள் விரைந்து அழிகின்றன. தமிழ் நேசன் நாளிதழ் 1924ஆம் ஆண்டில் தொடங்கி 2019ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. அதன் பழைய இதழ்களின் விளையாட்டுப் பக்கங்கள், தோட்டப் போட்டிகளைத் தேடுவோர்க்கு இன்னும் முறையாக அகழப்படாத களமாகும்.

செய்யத்தக்கன

இப்பணியில் தமிழாசிரியர்க்குச் சிறப்பான இடம் உண்டு. தோட்டப் பெயர் தாங்கிய ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஒரு திடலின் வாரிசு எனலாம். பள்ளி ஆண்டுமலர்களிலும் பழைய ஒளிப்படங்களிலும் அணிகளின் பெயரும் ஆண்டும் அடங்கியுள்ளன. மூன்று வழிகளை நாம் முன்மொழிகிறோம். முதலாவது, எழுபது அகவை கடந்த முன்னாள் ஆட்டக்காரரிடமும், ஆடாது பார்த்திருந்த பெண்களிடமும் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டல். திடலைப் பற்றி ஆடியவர் கூறுவதும் ஓரத்தில் நின்றவர் கூறுவதும் வேறாக இருக்கும்; இரண்டும் வேண்டும். இரண்டாவது, பழைய நில அளவைப் படங்களையும் வான்வழிப் படங்களையும் இன்றைய செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு, மறைந்த திடல்களின் இருப்பிடத்தைக் குறித்தல். மூன்றாவது, சுழற்கிண்ணங்கள், சீருடைகள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றைப் பள்ளி நூலகத்தின் ஒரு மூலையிலேனும் பெயரும் ஆண்டும் எழுதிப் பாதுகாத்தல். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. காலமே அரிதாயுள்ளது, அவசரகாலத்துக்கு முன் திடலில் ஆடியோர் இன்று தொண்ணூறைக் கடந்தவராவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். ஷா ஆலாம் விளையாட்டரங்கத்தின் இடிப்பு, பொதுநினைவுக்கும் பொதுநிலத்துக்கும் உள்ள உறவை வெளிப்படுத்தியது. பொதுவாக அமைந்த இடத்தின் மறைவுக்குக் குரல் எழும். தனியார் பட்டாவுக்குள் அமைந்த பொது வாழ்வின் மறைவுக்குக் குரல் எழுவதில்லை. கெடாத் தோட்டத் திடல் நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக் கருவியாய்த் தோன்றி, தொழிலாளரின் பயணத்துக்கும் ஒன்றுகூடலுக்கும் உரிய களமாய் மாறியது. தொண்டர் படையின் காலத்தை விளங்கிக்கொள்ளவும், தேசிய அரங்கில் தமிழர் பெற்ற இடத்தை விளங்கிக்கொள்ளவும் திடலின் வரலாறு இன்றியமையாதது.

இடிக்கப்பட்ட அரங்கத்தின் இடத்தில் மற்றோர் அரங்கம் எழுதல் கூடும். செம்பனைக்குள் மறைந்த திடலின் இடத்தில் மற்றொரு திடல் எழப்போவதில்லை. அதற்கு நாம் தரவல்லது எழுத்தில் ஓர் இடம் மட்டுமே. அவ்விடத்தையும் தரத் தவறுவோமாயின், நூறாண்டு உழைத்த ஒரு சமூகம் ஓய்வு நேரத்தில் எவ்வாறு மகிழ்ந்தது என்பதை வருங்கால ஆய்வாளர் அறிய வழியே இராது. உழைப்பின் வரலாற்றை எழுதிய நம் துறை, அதன் மாலைப் பொழுதின் வரலாற்றையும் எழுத முன்வருதல் வேண்டும்.